காருக்கு மனசு சரியில்லை

காலை ஏழு மணிக்கே வரிசை கிடங்கின் வாசலிலிருந்து பெட்ரோல் பங்க் வரை நீண்டுவிட்டது. சாதாரணக் கார்கள் அல்ல. தரையோடு தரையாகப் படுத்திருக்கும் கார்கள், கதவு வானத்தைப் பார்த்துத் திறக்கும் கார்கள், நின்ற இடத்தில் உறுமினாலே அக்கம்பக்கத்து ஜன்னல்களை நடுங்க வைக்கும் கார்கள். மணிக்கு இருநூற்றைம்பது கிலோமீட்டர் பாயக்கூடிய அந்த வண்டிகள், மணிக்கு முப்பது மீட்டர் வீதம் நகர்ந்துகொண்டிருந்தன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. வாசலில் பலகை தொங்கியது: "பேசாதீர்கள். இயந்திரம் பேசுகிறது."

உள்ளே செவிச்செல்வர் இருந்தார்.

அந்தப் பட்டத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. துண்டுப்பிரசுரத்தில் போட்டிருந்தது, துண்டுப்பிரசுரத்தை அடித்தவர் அவரே. மெக்கானிக் தொழில் அவருக்குத் தெரியாது. அதை அவர் மறைத்ததும் இல்லை. "மெக்கானிக் போல்ட்டைப் பார்ப்பான், நான் உயிரைப் பார்க்கிறேன்" என்பார். நான்கு வருடங்களுக்கு முன்பு இதே கிடங்கில் மெத்தை விற்றுக்கொண்டிருந்தார். மனிதர்களைத் தூங்கவைப்பதில் அப்போதே நல்ல அனுபவம்.

முறை எளிமையானது. வந்ததும் சாவியை நிழல்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். நிழல்காரர் செவிச்செல்வரின் மைத்துனர்; நாற்பத்தைந்து வயதுக்காரர்; எட்டு பை வைத்த கால்சட்டை போட்டிருப்பார். அவர் காரைக் கிடங்கின் பின்பக்கம் ஓட்டிப்போய் இருபது நிமிடம் நிழலில் நிறுத்துவார். காருக்குப் பயணக் களைப்பு தீர வேண்டுமாம். உரிமையாளர் கூடப் போகக் கூடாது. அவருடைய பதற்றம் காருக்கு ஒட்டிக்கொள்ளுமாம். அவர் முன்கூடத்தில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிறகு கார் மேடைக்கு வரும். செவிச்செல்வர் வெள்ளைக் கையுறையைக் கழற்றுவார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். ஒரு நிமிடம் அசைய மாட்டார். அப்புறம், "மூணாவது அறையில தீ பிடிக்கல" என்பார். உரிமையாளர் அடுத்த தெருப் பணிமனைக்கு ஓடுவார். அங்கே கழற்றிப் பார்த்தால் மூன்றாவது சிலிண்டரின் பிளக் செத்துக் கிடக்கும். கேட்டவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். எச்சரிக்கை விளக்கு எரிந்தபடி வந்த கார், விளக்கு அணைந்து திரும்பிப் போகும். பத்து நாளில் அது மறுபடி எரிந்தால் செவிச்செல்வர் என்ன செய்வார், பாவம்? வீட்டில் யாரோ காரைத் திட்டியிருக்கிறார்கள்.

சத்தம் போடும் கார்களுக்குத் தனி வைத்தியம். பழைய இன்ஜின் எண்ணெயை வடித்துவிட்டு, அவர் கை வைத்துக் கொடுக்கும் 'அமைதி எண்ணெய்'யை ஊற்ற வேண்டும். தேன் போலக் கெட்டியாக இருக்கும். சத்தம் குறையும். உண்மையாகவே குறையும். அதுதான் வினை.

ஒருமுறை ஒரு தொழிலதிபர், இன்ஜின் பின்னால் இருக்கும் ரகக் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். செவிச்செல்வர் வழக்கம்போல முன்பக்கம் கை வைத்து, "உள்ளே பெரிய துடிப்பு கேக்குது" என்றார். அந்த மூடிக்குக் கீழே இருந்தது ஒரு துணிப்பெட்டியும் இரண்டு டென்னிஸ் மட்டைகளும். கூட்டம் சிரித்ததா? இல்லை. "பின்னாடி இருக்கிறதை முன்னாடி இருந்தே கேட்டுட்டாருய்யா" என்று இன்னும் நூறு பேரைக் கூட்டிவந்தது.

இந்தக் கூட்டத்தில் பல் டாக்டர் ஒருவரும் இருந்தார். படித்தவர். பல்லைத் தொடும் முன் எக்ஸ்ரே கேட்பவர். "நீங்களா முடிவு பண்ணாதீங்க, படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்பது அவர் ஒரு நாளில் இருபது முறை சொல்லும் வாக்கியம். இரண்டு மாதத்துக்கு முன்பு, பத்து வருட ஆசைக்குப் பிறகு, கருநீலத்தில் இரண்டு கதவு டர்போ கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கினார். மூன்றாவது வாரம் அது பேச ஆரம்பித்தது. இன்ஜின் சூடேறியதும், ஆக்ஸிலரேட்டரை மிதித்தால், அடியிலிருந்து டக், டக், டக்.

செவிச்செல்வர் கை வைத்துப் பார்த்தார். வழக்கத்தைவிட நீளமான ஒரு நிமிடம். "உறுப்பில நோய் இல்ல. பழைய முதலாளியை நினைச்சு ஏங்குது. காருக்கு மனசு சரியில்லை" என்றார்.

எண்ணெய் ஊற்றப்பட்டது. சத்தம் பாதியானது. பல் டாக்டர் கண் கலங்கினார்.

அவருடைய தங்கை பஸ் டிப்போவில் தலைமை மெக்கானிக். வெள்ளிக்கிழமை மதியம் அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, அண்ணன் பெருமையோடு காரில் ஏற்றி இரண்டு தெரு சுற்றிக் காட்டினார். இறங்கும்போது அவள் முகம் சரியாக இல்லை.

"அண்ணா, இன்னொரு தடவை மிதி. நின்ன இடத்துலயே."

மிதித்தார். அவள் பானெட்டைத் திறந்து, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினின் அடிப்பாகத்தில் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைப்பதுபோலத்தான். ஆனால் அண்ணனுக்கு அது அநாகரிகமாகத் தெரிந்தது.

"அணைச்சிடு. இது ராடு பேரிங். பிஸ்டனையும் கீழே சுத்துற தண்டையும் சேர்க்கிற கம்பி இருக்குல்ல, அதோட பிடி தேஞ்சுபோச்சு. இதை ஓட்டாதே."

"ஐயா கை வைச்சுப் பார்த்துட்டார். உறுப்பில ஒண்ணும் இல்லையாம்."

"எந்த ஐயா?"

அண்ணன் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார். துணிப்பெட்டியிலிருந்து வந்த துடிப்பைக்கூடச் சொன்னார்.

"பல்லு வலின்னு வர்றவன் கன்னத்துல கை வைச்சு, 'பல்லுக்கு மனசு சரியில்ல'ன்னு நீ அனுப்பி வைப்பியா?"

"அது வேற. நீ பஸ் பார்க்கிறவ. இது வேற ரக இன்ஜின். இதோட நுணுக்கம் உனக்குப் புரியாது."

"ஆமாண்ணா. பஸ்ல அம்பது பேர் உக்காந்திருப்பாங்க. அவங்ககிட்ட போய் வண்டி ஏங்குதுன்னு சொல்ல முடியாது. பிரேக் பிடிக்குதான்னு கேப்பாங்க."

அண்ணி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஞாயித்துக்கிழமை இவங்க கார் கிளப்ல மலைக்குப் போறாங்க. நானும் பாப்பாவும் கூடப் போறோம். அந்தப் பிடி விட்டா என்ன ஆகும்?"

தங்கை கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "மெதுவா ஓட்டினா கொஞ்ச நாள் இழுக்கும், அண்ணி. மலையில முக்கி முக்கி ஏறினா, கம்பி ஒடிஞ்சு இன்ஜினைக் குத்திக்கிட்டு வெளிய வரும். எண்ணெய் டயர்ல கொட்டும். வளைவுல அது நடந்தா அண்ணன் எவ்வளவு நல்லா ஓட்டினாலும் பிரயோஜனம் இல்ல."

அண்ணி பாப்பா விளையாடிக்கொண்டிருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அண்ணன் மட்டும், "ஐயா அப்படிச் சொல்லலையே" என்றார்.

தங்கை வாதாடுவதை நிறுத்தினாள். நம்புகிறவனிடம் வாதாடுவது, துருப்பிடித்த நட்டைத் தப்பான பக்கம் திருகுவதுபோல. இன்னும் இறுகும் என்று தொழில் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. ஓட்டுநர் இருக்கையின் பக்கம் குனிந்து ஸ்டீயரிங்குக்குக் கீழே கை விட்டாள். அங்கே எல்லாக் கார்களிலும் ஒரு துளை உண்டு. தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை அதில் சொருகினால், கார் தன் நினைவில் பதிந்துவைத்திருக்கும் கோளாறுகளை எழுத்தில் காட்டும்; பேரிங் தேய்வது போன்றவை அந்த நினைவில் பதியாது. மெக்கானிக்குகள் அனைவரிடமும் இருக்கிற பொருள். அந்தத் துளையின் மூடி ஒரு பக்கம் உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"அண்ணா, வண்டி நிழல்ல நின்னப்போ நீ பக்கத்துல இருந்தியா?"

"கூடாதுன்னுட்டாங்க."

"சரி. நாளைக்கு ஒரு தடவை ஐயாகிட்ட போவோம். அவர் சொல்றது சரியா இருந்தா மலைக்குப் போ, நான் வாயே திறக்கல. இன்னைக்கு சாயங்காலம் மட்டும் வண்டியை என்கிட்ட கொடு."

மாலையில் அவள் காரை நான்கு தெரு மெதுவாக ஓட்டித் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒரு காகிதத்தில் ஏதோ எழுதி, மடித்து, ஒட்டி, அண்ணியின் கைப்பையில் வைத்தாள். "ஐயா சொன்னதுக்கு அப்புறம் பிரிங்க."

சனிக்கிழமை காலை. சாவி நிழல்காரரிடம் போனது. இருபது நிமிடக் களைப்பு தீர்ந்தது. கருநீலக் கார் மேடைக்கு வந்தது. சுற்றி நாற்பது ஐம்பது பேர். நிழல்காரர் செவிச்செல்வரின் காதருகே குனிந்து, "வண்டி நல்லா ஓய்வெடுத்துச்சு" என்றோ என்னவோ சொல்லிவிட்டு நகர்ந்தார். கையுறை கழன்றது. உள்ளங்கை பானெட்டில் பதிந்தது.

"நோய் முன்னாடி இல்ல" என்றார் செவிச்செல்வர், கண்ணைத் திறக்காமல். "பின்னாடி இருக்கு. வலது பின்காலில் உணர்ச்சி செத்துப்போச்சு."

கூட்டம் 'ஆ' என்றது. பல் டாக்டரின் முகம் மலர்ந்தது. தங்கையைத் திரும்பிப் பார்த்தார்: பார்த்தாயா?

"அண்ணி, பிரிங்க" என்றாள் தங்கை.

அண்ணி காகிதத்தைப் பிரித்து, ஆசிரியை வருகைப் பதிவேடு படிப்பதுபோலச் சத்தமாகப் படித்தார்:

"வலது பின்சக்கரம் என்று சொல்வார். அந்தச் சக்கரத்தின் வேகத்தை அளக்கிற ஒயரை நேற்று மாலை கழற்றி, நாலு தெரு ஓட்டி, திரும்ப மாட்டிவிட்டேன். சக்கரம் நன்றாக இருக்கிறது. ஒயரும் நன்றாக இருக்கிறது. கோளாறு காரின் நினைவில் மட்டும் பதிந்திருக்கிறது. அதைப் படிக்க உள்ளங்கை வேண்டாம், கருவி போதும்."

செவிச்செல்வரின் கை பானெட்டிலிருந்து தானாக எழுந்தது.

முதல் வரிசையில் நகைக்கடைக்காரர் ஒருவர் நின்றிருந்தார். ஐயாவிடம் ஐந்தாவது முறையாக வந்திருப்பவர். "அப்ப ஐயா சரியாத்தானே சொல்லியிருக்கார்? வலது பின்சக்கரம்னார். காகிதத்துலயும் அதானே இருக்கு?"

பலர் தலையாட்டினார்கள். பக்திக்கு எப்போதும் ஒரு வக்கீல் தயாராக இருப்பார்.

"இப்ப அந்தச் சக்கரத்துல ஒண்ணும் இல்லைங்களே" என்றாள் தங்கை. "இல்லாத வலி அவர் கைக்குக் கேட்டிருக்கு. கைக்குக் கீழேயே இன்ஜின் சுத்தியல் மாதிரி அடிக்குது, அது கேக்கல. சரி, என்னை நம்ப வேண்டாம். உங்க வண்டியிலயே பாருங்க. விளக்கு எரியுதா?"

"எரியுது. மஞ்ச விளக்கு."

"சாவி உங்க கையிலயே இருக்கட்டும். நிழலுக்குப் போக வேண்டாம். நிழல்ல நிறுத்துறவரு இப்படி இந்த நாற்காலியில உக்காரட்டும். ஐயா கை வைச்சு சொல்லட்டும்."

நியாயமான கோரிக்கைதான். நியாயமான கோரிக்கைகள்தான் இப்படிப்பட்ட இடங்களில் ஆபத்தானவை. நகைக்கடைக்காரர் ஐயாவின் மானத்தைக் காப்பாற்றும் வேகத்தில் தன் சிவப்புக் காரைத் தானே மேடைக்கு ஓட்டிவந்தார். செவிச்செல்வர் கை வைத்தார். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். நெற்றியில் வியர்வை.

"மனசு கனமா இருக்கு."

"போன தடவை நம்பரே சொன்னீங்களே ஐயா" என்றார் நகைக்கடைக்காரர். "எத்தனாவது அறைன்னு."

"இன்னைக்கு... அது சொல்ல விரும்பல."

சொல்லும்போது அவருடைய கண் ஒரு கணம் நாற்காலியில் இருந்த மைத்துனர் பக்கம் போனது. மைத்துனரின் கை ஐந்தாவது பையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது. இதை வேறு யாராவது கவனித்திருப்பார்களா என்பது சந்தேகம். ஆனால் நகைக்கடைக்காரர் இருபது வருடமாக வாடிக்கையாளர்களின் கையையும் பையையும் மட்டுமே பார்த்து வாழ்ந்தவர். பக்தியை ஓரமாக வைத்துவிட்டு, தொழில் பேசியது.

"அந்தப் பையில என்ன?"

"ஒண்ணுமில்லைங்க. மூக்குப்பொடி டப்பா."

"எங்க, ஒரு சிட்டிகை கொடுங்க பார்ப்போம்."

வெளியே வந்தது டப்பா அல்ல. தீப்பெட்டி அளவுக் கருவி. நகைக்கடைக்காரர் அதை மோதிரக்கல் பார்ப்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கை வாங்கிச் சிவப்புக் காரில் சொருகினாள். சிறிய திரையில் எழுத்து ஓடியது.

"நாலாவது சிலிண்டர்" என்று நகைக்கடைக்காரரே படித்தார். அப்புறம் இன்னொரு முறை, மெதுவாக, தனக்குள் படித்துக்கொண்டார். "மறுபடி மறுபடி விளக்கு அணைஞ்சது எப்படி?"

"இதுலயே ஒரு பொத்தான் இருக்கு. அமுக்கினா கார் மறந்துடும். கோளாறு மறக்காது. அதான் பத்து நாள்ல திரும்ப எரியுது."

"அப்ப என் பொண்டாட்டி திட்டினதால இல்ல?"

"அவங்க திட்டினது உங்களைத்தான் இருக்கும்."

சிரிப்பு எழுந்தது. அந்தக் கிடங்கில் நான்கு வருடமாக யாரும் சிரித்ததில்லை.

பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. ஒருவனை ஏமாற்றுக்காரன் என்று ஒப்புக்கொள்வது சுலபம். தான் ஏமாந்தேன் என்று ஒப்புக்கொள்ளத்தான் நாளாகும். "எல்லாம் சரி. ஆனா என் வண்டியில சத்தம் குறைஞ்சது நிஜம். நானே கேட்டேன். அதுக்கு என்ன சொல்ற?"

"அதையும் பார்த்துடலாம். நீயே உக்காந்து மிதி."

டக், டக், டக். இன்ஜின் சூடாக இருந்ததால் எண்ணெய் இளகி, பொத்திவைத்த சத்தம் மறுபடி எட்டிப்பார்த்தது. தங்கை பானெட்டைத் திறந்து, "எல்லாரும் கிட்ட வாங்க. யாருக்கும் தனிக் காது வேண்டாம்" என்றாள். நான்கு சிலிண்டருக்கும் தனித்தனியாகப் பொறி கொடுக்கும் நான்கு ஒயர். முதல் ஒயரைக் கழற்றினாள். இன்ஜின் தடுமாறியது. அடி அப்படியே இருந்தது. மாட்டிவிட்டு இரண்டாவதைக் கழற்றினாள்.

அடி மங்கியது. கிட்டத்தட்ட நின்றது.

மாட்டினாள். டக், டக், டக்.

கழற்றினாள். இல்லை.

"ரெண்டாவது" என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். "ரெண்டாவதுதான்" என்று இன்னொருவர். நாற்பது பேரும் அந்த நிமிடத்தில் செவிச்செல்வர் ஆகிவிட்டார்கள்; பட்டம் இல்லாமலே.

"அந்த சிலிண்டர்ல நெருப்பு இல்லன்னா, தேஞ்ச பிடி மேல அழுத்தம் இல்ல. அதான் சத்தம் அடங்குது. எண்ணெய் கெட்டியா இருந்தா இடைவெளியை ரொப்பி சத்தத்தைக் குறைக்கும். அழுவுற பிள்ளை வாயைப் பொத்துற வேலை. பிள்ளைக்கு வயித்து வலி அப்படியே இருக்கும்." அவள் அண்ணனைப் பார்த்தாள். "உள்ளே எவ்வளவு தேஞ்சிருக்குன்னு கண்ணால பார்க்கணும்னா எண்ணெயை வடிக்கணும். வடிச்சா இந்த வண்டியை இன்னைக்கு இங்கிருந்து ஓட்டிட்டுப் போக முடியாது. நாளைக்கு மலையும் கிடையாது. உன் வண்டி. நீ சொல்லு."

பல் டாக்டர் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். மறுநாள் பன்னிரண்டு கார்கள் வரிசையாக மலை ஏறும். அவருடையது மூன்றாவதாகப் போக வேண்டியது. கிளப்பில் புதிதாகச் சேர்ந்தவர், எல்லோரிடமும் சொல்லிவிட்டார். மேடையின் கீழே அண்ணி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது இன்ஜினை அல்ல, கணவரை.

பல் டாக்டர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். "வடிச்சிடு" என்றார்.

ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் பேசின் கிடைத்தது. தங்கை காரின் அடியில் போய்ப் போல்ட்டைத் திருகினாள். அமைதி எண்ணெய் இறங்கியது. கறுப்பாகத்தான் இறங்கியது. பேசினை வெளியே இழுத்து வெயிலில் வைத்தபோது, அதன் மேல் மீன் செதிலைப் பொடியாக்கித் தூவியதுபோல ஆயிரம் மினுக்கல்கள். டாக்டர் இரண்டு விரலை விட்டு எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். நெறநெறத்தது.

"இது?"

"பேரிங். உன் காரோட பிடி. மாவா இறங்கியிருக்கு."

எங்கிருந்தோ ஒருவர் தன் சாவியைக் கேட்டார். பிறகு எல்லோரும் கேட்டார்கள். நிழல்காரர் சாவிப் பலகையின் முன்னால் நின்று திணறினார். செவிச்செல்வர், "இன்னைக்கு இடத்துல அலை சரியில்ல" என்று சொல்லிக்கொண்டே பின்வாசல் பக்கம் நடந்தார்; அங்கே நிறுத்தியிருந்த தன் பழைய வேனில் ஏறிச் சாவியைத் திருகினார். அது கிளம்பவில்லை. மூன்று முறை முயன்றார். கை வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை. இறங்கி, அடுத்த தெரு மெக்கானிக்கைப் போனில் கூப்பிட்டார்.

மறுநாள் மதியம், பணிமனை ஒன்றில், பிரித்துப் போட்ட இன்ஜினுக்கு முன்னால் அண்ணனும் அண்ணியும் நின்றார்கள். தங்கை இரண்டாவது சிலிண்டரின் பேரிங்கை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். அரைவட்டத் தகடு. வெள்ளைப் பூச்சு முழுதும் போய், செம்பும் போய், இரும்பு தெரிந்தது. ஓரத்தில் விரல் நக அளவு ஒரு துண்டு காணவில்லை.

"எவ்வளவு தூரம் போயிருக்கும்?" என்று அண்ணன் கேட்டார்.

"மலை அடிவாரம் வரைக்கும் பிரச்சினை இருந்திருக்காது" என்றாள் தங்கை. "அதுக்கு மேலதான் வளைவு."

அண்ணி அந்தத் தகட்டை அவர் கையிலிருந்து வாங்கி, காகிதத்தில் சுற்றி, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. ஆனால் வரிசை கலையவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி ஒருவர், காரின் நிறத்தை வைத்து டயரின் ஆயுளைச் சொல்கிறாராம். போகிறவர்கள் போகலாம். ஒன்றை மட்டும் யாராவது ஒரு மெக்கானிக்கிடம் கேட்டுக்கொண்டு போங்கள்: ஓட்டிக் கெடுத்த இன்ஜினைக்கூடச் சரிசெய்துவிடலாம், ஓட்டாமலே பல வருடம் போர்த்திவைத்த இன்ஜின்தான் துருவேறி இறுகிப்போகும். மூளை என்றொன்று உங்களுக்கும் உண்டு. வாரத்துக்கு ஒருமுறையாவது அதைக் கிளப்பிப் பாருங்கள்.